எலிக்குக் கட்டில் செய்த கதை

எலி பிடிக்கப் பொறி செய்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மூளைப் படம் எடுத்து முடியும்வரை எலியை ஆடாமல் படுக்க வைக்கக் கட்டில் செய்பவன், எனக்குத் தெரிந்து, கடுகண்ணாவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நான் ஒருவன்தான். “ஒரு சின்ன வேலைதான்” என்று சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளரிடம் நீங்களும் மாட்டியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அளவு

டொக்டர் நளாயினி கண்டியில் வலிப்பு நோயை ஆராய்கிறவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மயக்க மருந்தில் தூங்கும் எலியின் தலை மயிரிழை அசைந்தாலும் ஸ்கேன் படம் கலங்கிவிடுமாம். காதோரம் இரண்டு பக்கமும் முளை, முன்பல்லை மாட்ட ஒரு வளையம் என்று வரைந்து தந்தார். அளவை நான் கேட்கவில்லை. எலியைத் தெரியாதவனா நான்? பட்டறைப் பொறியில் விழுந்த ஒன்றை அளந்து, ஒரு வாரம் பாடுபட்டுச் செய்து கொண்டுபோனேன். அவர் தன் பெருவிரலை அதற்குள் விட்டு ஆட்டிக் காட்டினார்.

“அண்ணை, என்ரை எலி இவ்வளவுதான். இதை உங்கட வீட்டு எலிக்குக் குடுங்கோ.”

இறுக்கம்

லேத்காரனுக்கு இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம். அடுத்த கட்டிலை அப்படியே செய்தேன். பட்டறைப் பங்காளி ரிஸ்வான் நானா, அக்குறணைக்காரர், தன் சுண்டுவிரலை முளைகளுக்கு நடுவே வைத்து, திருகச் சொன்னார். திருகினேன். அவர் கண் கலங்கியது. விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“ஒறங்க வெச்ச எலி இதுல முழிச்சிக்கும், தம்பி.”

ஒரே ஒரு ஸ்க்ரூ

அந்த ஸ்கேன் இயந்திரம் பெரிய காந்தம்; இரும்பு கிட்டவே போகக்கூடாது. மூன்றாவது கட்டிலைப் பிடி தளர்த்தி, முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்தேன். ஆனால் பிளாஸ்டிக் ஸ்க்ரூவின் மரையை எந்த லேத்காரன் நம்புவான்? யார் கண்ணிலும் படாமல் அடியில் ஒரே ஒரு இரும்பு ஸ்க்ரூ போட்டேன், நல்ல மனதோடுதான்.

ஸ்கேன் நிலையம் டொக்டருக்குக் கொடுத்தது ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணித்தியாலம். தவறினால் மூன்று மாதம் காத்திருந்து, புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கவேண்டும். வாசலில் அவர் சின்னக் காந்தம் ஒன்றைக் கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவர் முகம் சுருங்கிப்போனது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

ஸ்க்ரூவைக் கழற்றினால் முளை ஆடியது. நடையில் சாத்தியிருந்த விளக்குமாற்றில் தடித்த ஈர்க்காக ஒன்றை முறித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, சீவி, அந்த ஓட்டையில் அறைந்தேன். முளை அசையவில்லை, எலியும் அசையவில்லை. படம் தெளிவாக விழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் டொக்டர் போன் எடுத்தார். ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒவ்வொரு பாகமும் எங்கே வாங்கியது என்று எழுதவேண்டுமாம்.

“அண்ணை, உங்கட பேரைப் போட்டிட்டன். அந்த ஈர்க்கு எந்தக் கொம்பனிச் சாமான் எண்டு எழுதுறது?”

இருபது வருடமாக இரும்பைக் கடைந்து சேர்த்த என் பெயர், கடைசியில் ஒரு விளக்குமாற்றுக்குப் பக்கத்தில்தான் அச்சேறப் போகிறது.