மங்குக்குப் போட்ட ஊசி

என் மகளின் கன்னங்களில் மங்கு விழுந்திருந்தது. காட்டூரிலிருந்து துவாக்குடிக்குத் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். வெயில் சும்மா விடுமா? இரண்டு பக்கமும் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. அவள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது, வாய்விட்டுச் சொன்னதில்லை. ஸ்ரீரங்கத்தில் நல்ல இடமாக அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும் இன்னும் உறுத்தியது. முசிறியிலிருந்து வரப்போகும் என் சொந்தக்காரர்கள் முதலில் இதைத்தான் பேசுவார்கள்.

டாக்டரிடம் காட்டலாம் என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தேன். எதற்கு என்றாள். நானாகச் சொன்னால் கேட்கமாட்டாள் என்று தெரியும். அதனால் ஒரு பொய் சொன்னேன்.

"மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்கடி. கல்யாணத்துக்குள்ள இந்த மங்கு போயிடுமான்னு."

அந்த அம்மாள் அப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. மகளின் முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாளே கிளம்பி வந்தாள்.

தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆறு மாதமாவது ஆகும் என்றார். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? பாலக்கரையில் ஒரு பியூட்டி பார்லரில் மீசோதெரபி என்று ஊசி போடுகிறார்கள், மருந்தைத் தோலுக்குள்ளேயே இறக்கிவிடுவதால் நாலே தடவையில் முகம் தெளிந்துவிடும் என்று என் ஆபீசில் ஒருத்தி சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். பிறகு ஊசி. ஒன்றிரண்டு இல்லை, கன்னம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குத்தினார்கள். குத்திய இடத்திலெல்லாம் ரத்தம் துளிர்த்தது. ஏற்கெனவே திறந்து பாதி காலியாகியிருந்த பாட்டிலிலிருந்துதான் மருந்தை எடுத்தார்கள். பார்த்தேன், கேட்கவில்லை. மகள் என் கையை விடவே இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் உபதேசம் வேறு செய்தேன். பாவி நான்.

மூன்றாவது வாரம், குத்திய இடமெல்லாம் சிவந்து கட்டிகள் கிளம்பின. சில உடைந்து சீழ் வடிந்தது. அதே டாக்டரிடம் ஓடினோம். ஊசி வழியாகவோ மருந்து வழியாகவோ கிருமி உள்ளே போயிருக்கிறது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், தழும்பு நிற்கும் என்றார். இதை முறையாகப் போடுகிற டாக்டர்கள் இருக்கும்போது பார்லருக்கு ஏன் போனீர்கள் என்று கடிந்துகொண்டார். மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தான்தான் அவசரப்பட்டதாகச் சொன்னாள்.

கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா கோயில் பிரசாதத்தோடு வந்தார். மகள் அறைக் கதவைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டமாங்க? பையன் போன் பண்ணாக்கூட எடுக்க மாட்டேங்குது. தழும்பெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லைங்க, அதுகிட்ட சொல்லுங்க."

கதவைத் தட்டி, நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தெரிந்தால் மகள் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று பயந்தேன். அவளுக்கு மனசு சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் ஆட்டோவில் ஏறினார்.

பத்து நாளில் மகள் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மங்குக்கே முகம் சுளித்தவர்கள் இந்தக் குழிகளைப் பார்த்து என்னென்ன சொல்வார்கள் என்று கேட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனுக்கு இந்த வைகாசியில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்துவிட்டது.

கட்டிகள் வற்றிவிட்டன. மங்கு அப்படியேதான் இருக்கிறது, அதன் மேல் குழிகள். தினமும் காலையில் தழும்புக்கு நான்தான் களிம்பு தடவிவிடுகிறேன். போன வாரம் தடவும்போது, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு ஒருத்திக்குத்தாம்மா என் மூஞ்சியில குறையே தெரிஞ்சதில்லை."

களிம்பு பட்டுவிடும், கண்ணைத் திறக்காதே என்றேன்.