அப்புத்தளை மூன்று

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் கீழே, ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற கடை றுஷ்தியுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே உடைந்த போன்களைப் பிரித்துப் போட்டுத் திருத்திக்கொண்டிருப்பான். சனி, ஞாயிறு வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஐந்து பேர் கொண்ட ஓர் இசைக்குழுவில் ஒக்டபேட் வாசிக்கப் போய்விடுவான். எட்டுக் கட்டங்கள் உள்ள கறுப்புப் பலகை அது. கட்டத்துக்கு ஒரு சத்தமாக ஏற்றி வைத்துவிட்டுக் குச்சியால் தட்ட வேண்டியதுதான். ஊவா மாகாணத்தில் முப்பத்தெட்டு வயதுக்குள் அவன் ஏறாத மேடை குறைவு.

"மூணு புள்ளையளுக்குப் போர்த்தாத துணிய அந்தப் பலகைக்குப் போர்த்துறார்" என்பது மனைவி ஸல்மாவின் குற்றச்சாட்டு. பொய் என்று சொல்ல முடியாது.

நாட்டைப் பற்றி றுஷ்திக்கு ஒரு கொள்கை இருந்தது, கேட்காதவர்களுக்கும் சொல்வான். "வெள்ளக்காரன் ரயில்ல வாறான், பாலத்துல நிண்டு போட்டோ எடுக்கிறான், இலங்கையப் பாத்துட்டன் எண்டு போறான். என்னத்தப் பாத்தான்? மேடைக்குப் பின்னால ஒரு நாள் நிக்கச் சொல்லுங்க, அப்ப தெரியும் நாடு."

அதில் உண்மை இருந்தது. விளையாட்டு மைதானத்தில் சிங்களப் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது, இன்ன பாட்டை இன்னாருக்காகப் பாடுங்கள் என்று துண்டுச் சீட்டுகள் மேடைக்கு வரும். பத்துச் சீட்டைப் படித்தால் அந்த ஊரின் காதல், சண்டை எல்லாம் தெரிந்துவிடும். முதல் பாதியில் பௌத்த விகாரையில் இருப்பதுபோலக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் பாடசாலை அதிபர், பைலா ஆட்டப்பாட்டுத் தொடங்கியதும் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவார். சித்திரையில் பெரிய ரபான் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து தட்டுகிற பெண்கள், பாடசாலைக் கிரிக்கெட்டில் ஊதித் தள்ளும் பப்பரே வாத்தியக் குழு, மாதா கோயில் பெருநாளின் பித்தளை வாத்தியம், எல்லாமே அவனுக்கு அத்துப்படி. வழியில் வெள்ளைக் கொடி கண்டால் அது சாவு வீடு என்று ஒலிபெருக்கியின் வாயை மறுபக்கம் திருப்பி வைக்கவும் தெரியும்.

பிடித்த மேள அடிகளைப் போனில் பதிந்து, வெட்டி ஒட்டி, பலகைக்குள் ஏற்றி வைப்பான். பெயர் வைப்பது ஊரை வைத்து. 'வெலிமடை ஒன்று', 'பண்டாரவளை ஐந்து' என்று நூற்று நாற்பது அடிகள் சேர்ந்திருந்தன. அடித்தது யார், எதற்காக அடித்தார்கள் என்று ஒருவரிடமும் அவன் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

'அப்புத்தளை மூன்று' கிடைத்தது ஒரு மூடுபனி நாளில். அப்புத்தளைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் பஸ்ஸுக்கு நின்றான். நீட்டிய கை தெரியாத பனி. பள்ளத்திலிருந்து தப்பு மேளச் சத்தம் ஏறி வந்தது. விசில், பட்டாசு, நடுவில் "ஏய், விடாத… விடாத!" என்று ஒரு மனிதர் போட்ட அதட்டல். கோயில் திருவிழா உச்சத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினான். பஸ்ஸை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பதிந்தான். அந்த அதட்டல் அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அதைத் தனியாக வெட்டி மூலைக் கட்டத்தில் வைத்துக்கொண்டான்.

இரண்டு வருடம் கழித்து, அதே பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்குக் குழுவை அழைத்தார்கள். பெண் லக்ஷிகா. அம்மா ஜீவராணி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், கணவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வெலிமடையில் கிழங்கு வியாபாரம். காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. பகல் விருந்து பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில்.

"இண்டைக்கு இவங்கட ஊரு அடியாலயே இவங்கள உள்ளுக்குக் கூப்பிடப்போறன், பாருங்க" என்று றுஷ்தி கீபோர்ட் வாசிக்கும் சேந்தனிடம் ரகசியம் சொன்னான். சேந்தன் யாழ்ப்பாணத்து ஆள், வங்கியில் வேலை. "ஏதோ செய்" என்று சிரித்தார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். றுஷ்தி குச்சியை ஓங்கினான். தப்பு முழங்கியது.

படம் எடுக்கத் தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வயதான பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சனம் சொக்கிப் போய்விட்டது என்று நினைத்தான் அந்த மடையன். இன்னும் ஓங்கி அடித்தான். மூலைக் கட்டத்தையும் தட்டினான். "ஏய், விடாத… விடாத!"

பெண்ணின் தாய்மாமன் மேடைக்குப் பாய்ந்து வந்தார். "நிப்பாட்டுங்க நானா! பொணம் தூக்குற அடிய வச்சிக்கிட்டா எங்க புள்ளய உள்ள கூப்பிடுறீங்க?"

தோட்டத்தில் தப்புக்குப் பல அடிகள் உண்டு. சாமி புறப்பட ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. வாழ்ந்து முடித்தவர் போனால் பட்டாசும் விசிலுமாகத்தான் தூக்கிப் போவார்கள். அன்று பனிக்குள் போனது திருவிழா அல்ல, பாடை.

றுஷ்தி குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "என்னடாப்பா செய்தனீ?" என்று சேந்தன் மெதுவாகக் கேட்டார்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "வா போவோம். நெலப்படி தாண்டுறதுக்குள்ள சாவு மேளம். எனக்கு மனசு ஒப்பல." மாப்பிள்ளை அம்மாவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். லக்ஷிகா ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றாள். ஊரெல்லாம் தெரியும் என்று திரிந்தவன், ஒரு பெண்ணின் வாழ்க்கையை வாசலிலேயே கெடுத்துவிட்டேனே என்று றுஷ்திக்கு அழுகை முட்டியது.

பந்தி வைக்கிற இடத்திலிருந்து ஜீவராணி ஓடி வந்தார். கையில் சாம்பார் ஈரம். நேராகச் சம்பந்தியிடம் போவார் என்று எல்லாரும் பார்க்க, அவர் மேடைக்குத்தான் வந்தார். அறையப்போகிறார் என்று றுஷ்தி நினைத்தான். கன்னத்தைக் கொடுக்கத் தயாராகவும் இருந்தான்.

"தம்பி, அந்தக் கொரல மட்டும் போடுங்க. அடி வேணாம்."

மூலைக் கட்டத்தைத் தட்டினான். "ஏய், விடாத… விடாத!"

ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டார். "எங்க புடிச்சீங்க இத?"

பனி, பஸ், பள்ளம் எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொன்னான்.

"ஆமா. கீழ் டிவிசன் பெரிய கங்காணி செத்த அன்னிக்கு. இவருதான் முன்னுக்கு நின்னு அடிச்சாரு" என்றவர், வாசல் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, ஒங்க பயம் எனக்கு வெளங்குது. எனக்கும் அடியக் கேட்டதும் திக்குன்னுதான் இருந்திச்சி. ஆனா அது இவ அப்பா கொரலு. மனுசன் போயி ஒன்றர வருசமாச்சி. வீட்டுல போட்டோ மூணு இருக்கு, கொரலு ஒண்ணுகூட இல்ல. பொண்ணக் குடுக்குற அன்னிக்கு அப்பன் கொரல் வாசல்ல கேட்டா, அது கெட்ட சகுனமாங்க? நீங்களே சொல்லுங்க."

லக்ஷிகா அங்கேயே உட்கார்ந்து "அப்பா" என்று விம்மினாள். மாப்பிள்ளை அம்மாவின் பிடியை விலக்கிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினான்.

மாப்பிள்ளையின் அம்மா மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துக் கேட்டார். "கல்யாணத்து அடி தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதும்மா" என்றான் றுஷ்தி. மேடையில் நின்று அவன் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜீவராணி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "தேத்தண்ணி வர்ற வரைக்கும் மேசையில இதத்தான் தட்டிக்கிட்டு இருப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம்." தப்பைத் தொட்டே பார்க்காத கை அது. பிசகவில்லை. றுஷ்தி இரண்டு தடவை கேட்டுப் பிடித்துக்கொண்டான்.

"எழும்பும்மா. ரெண்டு பேரும் திரும்ப வெளிய போங்க. மொதல்லேருந்து வாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவர்கள் வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். கல்யாணத்து அடி முழங்கியது. கைகள் மறுபடி போன்களைத் தூக்கின. நிலைப்படிக்கு வந்ததும் றுஷ்தி குச்சியை மூலைக் கட்டத்துக்கு மேல் நிறுத்தி ஜீவராணியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அதன்பிறகுதான் தட்டினான். தாய்மாமன் தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார்.

சாமான்களைக் கட்டும்போது றுஷ்தி கேட்டான். "அக்கா, அண்ணன்ட பேரு என்ன?"

"சன்னாசி."

'அப்புத்தளை மூன்று' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சன்னாசி என்று எழுதினான். மற்ற நூற்று முப்பத்தொன்பதையும் அடித்தவர்களின் பெயர் அவனிடம் இல்லை. வீட்டுக்குப் போய் ஸல்மாவிடம் அதைச் சொன்னபோது, "கேக்குறதுக்கு வாயில்லையா ஒங்களுக்கு?" என்றாள். அந்தக் கேள்வி அவனை நன்றாகவே சுட்டது.

அடுத்த புதன்கிழமை ஜீவராணி கடைக்கு வந்தார். அவருடையது பட்டன் போன். அதற்குள் ஒரு சின்ன மெமரி கார்டைப் போட்டு, சன்னாசியின் குரலை ஏற்றி, லக்ஷிகா அழைத்தால் மட்டும் அது கேட்கும்படி செய்து கொடுத்தான். சரியாக வேலை செய்கிறதா பார்க்க, தன் போனிலிருந்து லக்ஷிகாவைக் கூப்பிட்டு அம்மாவுக்கு அழைக்கச் சொன்னான்.

ஜீவராணியின் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. "ஏய், விடாத… விடாத!" பஸ் நிலையத்து இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது.

எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பச்சைய அமத்துங்க அக்கா, புள்ள லைன்ல நிக்கிறா."

"இருங்க தம்பி" என்றார் ஜீவராணி. "கொஞ்சம் கூப்பிடட்டும்."