உறிஞ்சும் சத்தம்

மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த புதிதில் எனக்கு எதையும் செய்து பார்த்துவிட வேண்டும். துறைமுக ஆபீசில் வேலை பார்த்த அண்ணன், கப்பல்காரர் ஒருவர் விட்டுப்போன பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப், பக்கம் நிறையப் படம். சத்தமாக உறிஞ்சினால்தான் சமைத்தவருக்கு மரியாதையாம். போதாதா எனக்கு?

மைதாவைப் பிசைந்து, தேய்த்து, கத்தியால் நூல் நூலாக நறுக்கினேன். அபர்டீன் பஜாரில் வாங்கிய சூரைக் கருவாட்டை இஞ்சியோடு கொதிக்கவிட்டு வடிகட்டினேன். கருவாட்டுத் தண்ணியில் சேமியாவா, எனக்கு மெஸ்ஸே போதும் என்று அண்ணன் நழுவிவிட்டான்.

மரைன் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை, தீவு வழக்கில் தீதியை, சாப்பிடக் கூப்பிட்டேன். தீவிலேயே பிறந்தவர், பேசும் தமிழில் பாதி இந்தி. கிண்ணத்தை அவர் முன் வைத்து, படித்ததை ஒப்பித்து, நானே முதலில் உறிஞ்சிக் காட்டினேன். நன்றாக, சத்தமாக.

தீதி கிண்ணத்தைத் தொடவில்லை. எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் செருப்பைக் கொடுக்கப் போனபோதுதான் சொன்னார். யுத்தத்தின்போது தீவை ஜப்பான்காரர் பிடித்து ஆண்ட காலத்தில் அவருடைய அப்பாவை ஒற்றன் என்று பிடித்துப் போயிருக்கிறார்கள். சிறுமியான தீதி, அம்மாவோடு அதிகாரியின் பங்களா படியில் போய் நின்றிருக்கிறார். சாஹிப் சாப்பிடுகிறார், முடியட்டும் என்றானாம் காவல்காரன். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்ததாம். அது நின்று, அதிகாரி வாயைத் துடைத்தபடி வெளியே வந்தபோது, அப்பாவை ஏற்றிய லாரி போய்விட்டிருந்தது. அப்பா திரும்பவேயில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தீதி கையமர்த்தினார்.

"இன்னொரு தடவை பண்ணு. சத்தம் மட்டும் வேண்டாம். அவனால கொஞ்ச நேரம் கீழ வைக்க முடியாத அந்தச் சாப்பாடு என்னன்னு நான் பார்க்கணும்."

பண்ணினேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, வெகுநேரம் விழுங்காமல் இருந்தார்.

"இத்னா ஹீ?" என்றார் கிண்ணத்தைப் பார்த்து. "இவ்வளவுதானா?"

கரண்டியை வைத்துவிட்டு, இம்முறை செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மீதியைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை. சாயங்காலம் பசியோடு வந்த அண்ணன், பரவாயில்லையே என்று அதை எடுத்து உறிஞ்ச ஆரம்பித்தான்.

அவன் முடிக்கும்வரை நான் வாசற்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன்.