ஜன்னலுக்கு வெளியே வைத்த இன்சுலின்

என் அப்பாவைப் பனிமலைக்கு அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா "எல்லாம் விதி" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதியாவது வெங்காயமாவது. அமெரிக்காவில், எடிசன் ஊரில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் லேப்டாப்பில், என் விரலால்தான் அந்த ரூமை புக் செய்தேன்.

அப்பா வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் ஆட்களோடு நான் பென்சில்வேனியா பக்கம் ஸ்கீ விளையாடப் போய், நின்ற படம் ஒன்றும் விழுந்த படம் நான்குமாக அனுப்பியபோது, அவரிடமிருந்து வந்த பதில்: "முட்டிய இன்னும் மடக்கணும் கண்ணு." பனியைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறார்! ஆனால் அந்தப் படங்களை அவர் தினமும் எடுத்துப் பார்க்கிறார் என்று அம்மா சொன்னபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவருக்கு அறுபத்தெட்டு வயது முடிவதற்குள் ஒருமுறையாவது அவரைப் பனியில் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கே கூட்டி வரலாமென்றால் அவர்களுடைய விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. சரி, இமயமலை எதற்கு இருக்கிறது? உத்தராகண்டில் ஔலி என்று ஓர் இடம். ஸ்கீ சரிவு, எதிரே பெரிய பெரிய சிகரங்கள், தங்க ஹோட்டல். மூன்று பேருக்கும் ஏற்பாடு செய்தேன். நானும் வருவதாகத்தான் திட்டம். என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகி வருஷக்கணக்காகிறது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியே போனால், புது முத்திரை குத்தாமல் திரும்பி உள்ளே வர முடியாது. அதற்காகச் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் வாங்கி வைத்திருந்த அப்பாயின்ட்மென்ட்டை, நான் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அவர்களே கோடைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். கோடை வரை இந்தியாவில் உட்கார்ந்திருந்தால் வேலை இருக்காது. கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருஷமாக நிற்பதும் வீண்.

"நீ வரலன்னா நாங்களும் போகல, விடு" என்றார் அப்பா. நான் விடவில்லை. இன்னொரு குளிர்காலம் எப்போது வரும், உடம்பு எப்படி இருக்கும் என்று பேசிப் பேசியே அவர்களை ரயிலேற்றிவிட்டேன்.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டே ஆக வேண்டும். வேலூர் வெயிலில் எங்கள் வீடு முழுக்க அந்த மருந்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதிலேயே பழகியது. கரண்ட் போனால் முதலில் ஃப்ரிட்ஜ் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று சத்தம் வரும். கல்யாணத்துக்குப் போனால் தெர்மாஸில் ஐஸ் போகும். மருந்துக்கு எதிரி வெயில், நண்பன் குளிர். இதில் எங்கள் மூவருக்கும் ஒரு சந்தேகமும் கிடையாது.

ஔலி போய்ச் சேர்ந்த அன்று வீடியோ காலில் அப்பா குல்லாவுக்குள்ளிருந்து சிரித்தார்.

"ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்ல கண்ணு. அதனால என்னா, ஜன்னலுக்கு வெளிய வெச்சுட்டேன். ஊரே ஃப்ரிட்ஜுதானே!"

ஜன்னல் விளிம்பில், பனிக்கு நடுவில், இன்சுலின் வைக்க நான் இங்கிருந்து வாங்கி அனுப்பிய நீல நிறப் பை தெரிந்தது.

"சூப்பர் ஐடியா பா" என்றேன்.

படித்தவள். இஞ்சினியர். சூப்பர் ஐடியா பா.

மறுநாள் படம் வந்தது. அப்பா கால்களில் ஸ்கீ மாட்டி, முட்டியைச் சரியாக மடக்கி நிற்கிறார். பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை மலை. இருபது பேருக்கு அதை அனுப்பினேன். அதற்கடுத்த நாள் அங்கே பனி கொட்ட ஆரம்பித்து, கீழே ஜோஷிமடத்துக்கு இறங்கும் சாலை மூடிவிட்டது.

அடுத்த நாள் காலை மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே இருட்டிவிட்ட நேரம். அம்மா கூப்பிட்டாள்.

"அப்பா மூணு தடவ வாந்தி எடுத்துட்டாரு. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்காரு. சுகர் பாத்தேன், நானூத்தி எம்பது காட்டுது."

"மருந்து போடலையா?"

"ரெண்டு வேளையும் போடறாரே. நேத்துலேர்ந்து கட்டியா இருக்குது. நான்தான் உள்ளங்கைல வெச்சு உருக்கிக் குடுக்கறேன்."

உறைந்த இன்சுலின் உருகினாலும் மருந்தில்லை, வெறும் தண்ணீர் மாதிரிதான். இது எனக்குத் தெரியும். எப்போதோ, எங்கோ படித்திருக்கிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹோட்டல் மேனேஜரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவருக்கு இந்தி மட்டும்தான். எனக்கு அதில் பத்து வார்த்தை. அந்தப் பத்தில் உயிர் போகிற விஷயத்தைச் சொல்ல ஒன்றும் இல்லை. ரயிலென்றும் பாராமல் கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த வட இந்தியர், ஐம்பது வயதிருக்கும், முன்பின் தெரியாதவர், கையை நீட்டி என் போனை வாங்கிக்கொண்டார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் இந்தியில் சொன்னார். ஹோட்டலில் வேறு யாரிடமாவது இன்சுலின் இருக்கிறதா என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். எல்லாம் தேன்நிலவுக்கு வந்த சின்னஞ்சிறுசு ஜோடிகள். ஒருவருக்கும் சர்க்கரை இல்லை. கீழே ஜோஷிமடத்தில் மருந்துக் கடை உண்டு, ஆனால் இந்த இருட்டில் பனியில் யாரும் இறங்க முடியாது, விடியட்டும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் ஆற்றுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போய்விட்டது. லைன் அறுந்தது. அந்த மனிதர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் வேலூரில் அப்பாவைப் பார்க்கும் டாக்டரைப் பிடித்தேன். "அந்த மருந்த தூக்கிப் போட்டுடுங்க. வாந்தி நிக்கறப்போல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. எப்படியாவது புது இன்சுலின் போயாகணும். தூங்க ஆரம்பிச்சு எழுப்ப முடியலன்னா ரொம்ப டேஞ்சர்." அம்மாவிடம், அரை மணிக்கொரு தரம் எழுப்பிப் பெயர் கேட்கச் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று அவரையே அவர் பெயரைச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பகல் முழுக்க நான் ஆபீசில் இருந்தேன். மீட்டிங்கில்கூடப் பேசினேன். ஒரு முறை விமான டிக்கெட் தளத்தைத் திறந்தேன். நுவார்க்கிலிருந்து டெல்லிக்கு அன்று மாலையே இடம் இருந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பினேன். பாஸ்போர்ட் எண் கேட்டது. போனால் கோடை வரை திரும்ப முடியாது, போய்ச் சேர்வதற்குள் எப்படியும் இரண்டு நாள் ஆகிவிடும், போய் மட்டும் என்ன கிழிக்கப் போகிறேன் என்று எனக்கே நான் நியாயம் சொல்லிக்கொண்டேன். திரையில் அந்த ஜன்னலை மூடினேன். பிறகு திறக்கவில்லை.

அங்கே விடிந்ததும், அப்பாவுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் சறுக்கிக்கொண்டே ஜோஷிமடம் இறங்கினார். நாற்பது தாண்டிய, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான மனிதர். திரும்பும்போது முட்டியளவு பனியில் நடந்தே ஏறியிருக்கிறார். மருந்தைச் சட்டைக்கு உள்ளே, வெற்று மார்போடு வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று, ஆபீசில் இந்தி தெரிந்த ஒருவரைப் பேச வைத்து, இந்த முறை மறக்காமல் மேனேஜருக்குச் சொல்லியிருந்தேன். அவர் வந்து சேர்ந்தபோது அப்பா தன் பெயரைச் சொல்வதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் போனில் அளவு சொல்ல, அம்மா ஊசி போட்டாள். சாயங்காலம்தான் கண் திறந்தார்.

சாலை திறந்து டேராடூனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகு, சனிக்கிழமை காலை அவரை வீடியோவில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

"மருந்து கட்டியா இருக்குன்னு ஏம்பா எங்கிட்ட சொல்லல? ரெண்டு நாளா தலை சுத்துதுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை?"

அம்மாதான் பேசினாள்.

"சொன்னா நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவியாம். அப்புறம் உன்ன திரும்ப உள்ள விட மாட்டாங்களாம். அந்த மயக்கத்துலயும் ராத்திரி பூரா இதே பேச்சு. அவ ஏர்போர்ட்டுக்குப் போயிருப்பா, போன் போட்டு நிறுத்து, நிறுத்துன்னு."

நான் கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கண்ணு" என்றார் அப்பா. குரல் கீச்சென்று வந்தது. "டிக்கெட் போட்டிருப்பியே. நான் நல்லாருக்கேன். கேன்சல் பண்ணிடு."

"பண்ணிட்டேம்பா."

"எந்த ஃப்ளைட்டு?"

"துபாய் வழியா."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தலையணையில் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"நான் சொல்லல? துபாய் வழியா போட்டிருந்தாளாம்."