செம்பில் விழுந்த ரேகை

என் கை பட்டால் உலோகம் கறுக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆயிற்று. கைக்கடிகாரத்தின் முதுகில் குழி விழுந்தபோது கடிகாரத்தைத் திட்டினேன். வீட்டுச் சாவி பச்சை பூத்தபோது கடற்காற்றைத் திட்டினேன். இந்த ஊரில் எதற்கும் கடற்காற்றைத் திட்டலாம். அது திருப்பிப் பேசாது. பிறகு ஒரு பெண்ணின் பக்கம் கை காட்டினேன். அவளும் திருப்பிப் பேசவில்லை என்று எழுத வருகிறது. பொய். பேசினாள். நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

நான் விற்பது கூடு. லேசர் விளக்கை வீட்டு மேசையில் தாங்களே கோத்துப் பார்ப்பதில் கிறுக்குப் பிடித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஒளியை உண்டாக்கும் அந்தத் துண்டு அரிசிமணியைவிடச் சின்னது. எரிந்தால் கொதிக்கும். அந்தச் சூட்டை உறிஞ்சி வெளியே விட அதைச் சுற்றிக் கனமான உலோகம் வேண்டும்: விரல் நீளம், நடுவில் துளை, முனையில் மரை, மரையில் திருகிய ஒரு கண்ணாடி வில்லை. அவரவர் தன் கூட்டைத் தன் இஷ்டப்படி வரைந்து அனுப்புவார். நான் அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வாங்கி, சரிபார்த்து, தாளில் சுற்றி அனுப்புவேன். இருபது வருடம் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு என் கைக்கு வந்த தொழில் இது ஒன்றுதான். என் கைக்கு.

பத்துப் பன்னிரண்டு கூடு, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத் வைத்திருந்த எல்லாரும் ஆயிரம் பீஸ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒருவர் வாங்கிக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு லேத், மாதா படம், வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பிடிவாதம். “சின்ன வேலைய ஒழுங்கா செய்றவன்தான் சார் பெரிய வேலைய செய்வான். எனக்குப் பெரிய வேல எவனும் குடுக்கல, அதான் இப்பிடி ஒழுங்கா இருக்கேன்” என்று சிரிப்பார். அவர் நிறுத்திவிட்டால் நான் நிற்க இடமில்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மெருகு போட ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஊர் கடலோரக் கனகசெட்டிக்குளம். புருஷன் கடலுக்குப் போகிறவன், மாமியார் கருவாடு போடுகிறவள். சுழலும் துணிச்சக்கரத்தில் அவள் செம்பைக் காட்டும்போது முழங்கைவரை கறுப்புப் பசை அப்பியிருக்கும். கூடு மட்டும் அப்போதுதான் பிறந்ததுபோல வெளியே வரும். துடைத்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் வரிசையாக வைப்பாள். அங்கிருந்து நான் எடுப்பேன். துளை வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பேன், மரையைத் திருகிப் பார்ப்பேன், தாளில் சுற்றுவேன்.

நெடுநாள் அலுமினியம்தான் கேட்டார்கள். மேலே சாயப்பூச்சு ஏறிய அலுமினியத்தில் எந்தக் கையும் தெரியாது. பிறகு எல்லாருக்கும் செம்புப் பைத்தியம் பிடித்தது. செம்பு எதையும் மறக்காத உலோகம்.

முதலில் ஒருவர் எழுதினார்: கூடு வந்து சேர்ந்தது, மேலே பழுப்பாக ஒரு மேகம். அடுத்த வாரம் இன்னொருவர். மூன்றாமவர் இணையக் குழுவின் பொதுப்பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதினார். பட்டறையில் கோளாறு, சரிசெய்கிறேன் என்று மூவருக்கும் பதில் போட்டேன். அக்கா எந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய்நீர்த் தொட்டியைக் காலிசெய்து கழுவினார். துடைக்கும் பஞ்சை மாற்றினார். மேகம் போகவில்லை.

“பாலிஷ் போடற எடத்துலதான்க்கா ஏதோ இருக்குது” என்றேன். “கடைசியா எந்தக் கை படுதோ, அந்தக் கைதான்.”

நான் சொன்ன வார்த்தை. வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணி. பக்கத்துக் கொட்டகையின் வெல்டிங் ஆட்கள் டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தார்கள். அக்கா எந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, காலைல வூட்ல இன்னா வேல பாத்துட்டு வர்ற?”

“கருவாட்டுக்கு உப்பு வெச்சிட்டு வர்றேன். மாமியாருக்கு முடியல. ஏங்க்கா?”

“கைய நீட்டு.”

நீட்டினாள். அக்கா அந்த உள்ளங்கையைத் தூக்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைப் பிரித்துப் பார்ப்பார்களே, அப்படி.

“இன்னாக்கா, வஞ்சிரமா சங்கராவா?” என்றான் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன். சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று தெரியவில்லை. உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது.

“மூணு வாட்டி சோப்பு போட்டுட்டுதான்க்கா தொடறேன். இத்தினி வருசமா தொடறேன். அப்பல்லாம் கறுக்கலியே?”

“அப்ப அலுமினியம்மா” என்றேன் நான். உண்மைதான் சொன்னேன். உண்மையை வைத்து ஒருத்தியின் வாயை அடைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“உப்பு கழுவினா போவாது” என்றார் அக்கா. “கொஞ்ச நாளு வூட்ல இரு. சொல்லி அனுப்பறேன்.”

இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். நாலாக மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். பஸ்ஸுக்கு நடந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

நாலு நாள் கழித்து ஒரு படம் வந்தது. குளிர்நாட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், என்னிடம் முதன்முதல் கூடு வாங்கியவர், கோபமே இல்லாமல் அனுப்பியிருந்தார். பழுப்பு மேகத்தைப் பெரிதாக்கி எடுத்திருந்தார். மேகம் இல்லை. ரேகை. சுழித்துச் சுழித்துப் போகும் கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே சாய்வாக, ஒன்றுமே பதியாத ஒரு கோடு. கீழே ஒரு வரி: இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இது யாருடைய விரல்?

அச்சகத்தில் தாள் வெட்டும் கத்தி என் வலது கட்டைவிரலைக் கிழித்த தழும்பு சாய்வாக ஓடும். திரையின் பக்கத்தில் விரலை வைத்தேன். இடம் வலம் மாறியிருந்தது. அச்செழுத்தைத் தலைகீழாக வாசித்தே பிழைத்தவனுக்கு இதை வாசிக்க நேரம் ஆகவில்லை.

கடைசியாகப் பட்ட கை.

எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் செய்ததெல்லாம் கை கழுவியதுதான். எலுமிச்சை தேய்த்தேன். வினிகரில் முக்கினேன். முகப்பவுடர் பூசினேன். மருந்துக்கடையில் மெல்லிய கையுறை வாங்கி மாட்டினேன். பத்து நிமிடத்தில் உள்ளே குளம் கட்டியது. பயந்தால் வேர்க்கும். வேர்த்தால் பயம் வரும். மத்தியான வெயிலில் நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரைச் சாலைவரை நடந்தேன், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டபடி, திருடனைப்போல. சொன்னால் அக்கா என்னை வெளியே தள்ளுவார். வேறெந்த லேத்தும் என்னைச் சேர்க்காது. சொல்லாவிட்டால் அவள் வெளியே. எவ்வளவு நடந்தும் கணக்கு இந்த இரண்டு வரியைத் தாண்டவில்லை.

“இன்னாத்துக்கு கைய ஒளிச்சி வெச்சிட்டு திரியற?” என்றாள் மனைவி.

“வேர்வை.”

“ஒனக்குதான் ஒடம்பு சூடாச்சே. சின்ன வயசுல வெள்ளி அரணாக்கயிறு கறுத்துக் கறுத்துப் போவுதுன்னு ஒங்கம்மாதான கழட்டிப் போட்டாங்க. எத்தினி வாட்டி சொல்லியிருக்காங்க.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆறாம் நாள் அவளே ஃபோன் செய்தாள்.

“சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா அக்கா கேக்கும். இங்க கரையில நிக்கறவ எல்லாம் கேக்கறாளுங்க, கருவாட்டு வாசத்துக்கா வேலைய வுட்டு நிறுத்திட்டாங்கன்னு. எனக்கு வேற எந்த வேலையும் இந்த அளவுக்கு வராது சார். ஒங்களுக்கே தெரியும்.”

“பாக்கறேம்மா” என்றேன்.

ஃபோனைக் கீழே வைத்தபோது அதன் முதுகு ஈரமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் போனேன். துணிச்சக்கரத்தின் முன்னால் அக்காவே நின்றிருந்தார், முகமெல்லாம் கறுப்பு. மெருகு அவருக்குக் கைவரவில்லை. தட்டில் இருந்தவை மங்கலாக, தூக்கம் கலையாத மாதிரி இருந்தன. வாத்தியாரின் படத்தையும் என் கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

“பாவம் பாத்து கத கட்டாத சார்.”

“கத இல்லக்கா.”

அக்கா துணிச்சக்கரத்தை நிறுத்தினார். செம்புக் கம்பியில் இரண்டு துண்டு அறுத்தார். தேய்த்துப் பளபளப்பாக்கினார். “புடி, நல்லா அமுக்கி” என்று ஒன்றை என் கையில் வைத்தார். மற்றொன்றைத் தானே அமுக்கினார். இரண்டையும் மாதா படத்துக்குக் கீழே பலகையில் வைத்து, “திங்கக்கெழம வா” என்றார்.

திங்கட்கிழமை அவருடைய துண்டில் லேசாக ஒரு மங்கல். என்னுடையதில் கட்டைவிரல் அப்படியே கறுத்து உட்கார்ந்திருந்தது, தழும்போடு. அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எத்தினி நாளா தெரியும்?”

“எட்டு நாள்.”

வெளியே போ என்று சொல்வார் என்று நின்றேன். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

“அவ கைய மோந்து பாத்தது நான்தான” என்றார் மெதுவாக. “என்னையும் கூட்டு சேத்துட்டியே சார். எனக்காவது கோயிலு இருக்குது, சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடுவேன். அவளுக்கு அதுல இன்னா ஆவப்போவுது? வண்டிய எடு.”

கனகசெட்டிக்குளத்தில் சாலையோரம் தார்ப்பாய் விரித்து அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அக்கா வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நான் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செம்புத்துண்டை நீட்டினேன்.

“கறுத்தது என் கையாலம்மா. ஒன் கை இல்ல.”

வாங்கிப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் பார்த்தாள்.

“நான் ஃபோன் பண்ணப்பவே தெரியுமா சார்?”

“தெரியும்.”

பக்கத்துத் தார்ப்பாயில் இருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“கைய குடு.”

கொடுத்தேன். உள்ளங்கையைப் பிரித்துத் தூக்கி மோந்து பார்த்தாள். சாலையில் ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை என் கையை விடவில்லை.

“ஒரு வாசமும் இல்ல. வெறும் சோப்பு வாசம். ஒன் கைய எவன் சார் கண்டுபுடிப்பான்?”

“வந்துடும்மா” என்றார் அக்கா பின்னாலிருந்து. “நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

“வர்றேன்க்கா. ஆனா அந்த வெல்டிங்காரனுங்க டீ குடிக்கற நேரத்துல சொல்லணும். இவரு சொல்லணும்.”

மறுநாள் பத்து மணிக்குச் சொன்னேன். கறுத்த துண்டை உயர்த்திக் காட்டி, என் கை என்று சொன்னேன். வஞ்சிரமா என்று கேட்டவன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இணையக் குழுவிலும் எழுதினேன், பட்டறை அல்ல, என் விரல் என்று. சிலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியாரிடமிருந்து பதில் இல்லை. வருகிற வேலை பாதியாகிவிட்டது. அக்கா என்னை நிறுத்தவில்லை, ஆனால் முன்போலப் பேசிச் சிரிப்பதும் இல்லை. நான் கூட்டைத் தொடுவதில்லை. அவளே மெருகு போட்டு, அவளே துளையை வெளிச்சத்துக்குக் காட்டி, அவளே மரையைத் திருகி, அவளே சுற்றுகிறாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறேன். பின்னால் கட்டிய கையும் வேர்க்கிறது.

முதல் நாள் அவளுக்கு மூக்கு அரிக்கிறது போலும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் புரிந்தது. தட்டிலிருந்து ஒவ்வொரு கூட்டையும் எடுப்பதற்கு முன்னால் அவள் வலது கை ஒரு கணம் மூக்குக்குப் போகிறது. மோந்து பார்க்கிறாள். பிறகு எடுக்கிறாள். அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அக்காவும் பார்த்துவிட்டார், பார்த்ததும் எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது.

நேற்று பன்னிரண்டு கூடு. பன்னிரண்டாவதை எடுக்கும் முன்பும் அந்தக் கை மேலே போயிற்று.