அமெரிக்காக்காரன் ஆட்டத்தை நிறுத்திய வருஷம்

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்காகக் கட்டிய லைன் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் என்று சொன்னால், நாலு பேர்தானே என்பார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். சுவரில் இருந்த அமெரிக்காக்காரனையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன்.

ராபர்ட்சன்பேட்டைக் கடையில் பொட்டுக்கடலை கட்டிக் கொடுத்த இங்கிலீஷ் தாளில் வந்தவன் அவன். கறுத்த, ஒடிசலான ஆள். பந்தை ஒரு கையில் ஏந்தி அந்தரத்தில் நிற்பான். கீழே நாலைந்து வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து அண்ணாந்திருப்பார்கள். சித்தப்பா அந்தத் தாளை நீவி, சோற்றைப் பிசைந்து தடவி, கட்டிலுக்கு மேலே ஒட்டினார். "நம்ம கலருதான் பாரு" என்றார். அத்தோடு அவன் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டான்.

எங்கள் லைனிலேயே சித்தப்பாதான் உயரம். சுரங்கத்துக்குள் குனிந்து குனிந்தே ட்ரில் மிஷின் பிடித்துவிட்டு, வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் குனிந்தபடியே நடப்பார். பாஸ்கெட்பால் ஆடும்போதுதான் அவருடைய முழு உயரத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கிலீஷ் எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கும். ஆனாலும் காலை ஷிப்ட் முடிந்து, குளித்து, கட்டிலில் சாய்ந்தால், அந்தத் தாளைப் படிக்கிற மாதிரியே கதை வரும்.

"இன்னிக்கி இன்னா பண்ணான் சித்தப்பா?"

"இன்னிக்கா? கூடை கூடையா போட்டான். கடைசிக் கூடைக்கு எகிறினான் பாரு, எகிறினவன் எறங்கவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மேலயே குந்திகினு டீ குடிச்சான்."

அவனுக்கு எந்த ஷிப்ட் என்று ஒரு நாள் கேட்டேன். பந்து ஆடுவதற்காகவே ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் பந்து ஆடுகிறவன் சுரங்கத்து ஆள்தான். நன்றாக ஆடினால் டீமில் எடுத்துக்கொண்டு, மேலே ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுப்பார்கள். கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்க வேண்டியதில்லை. அதனால் சித்தப்பா யோசிக்காமல் சொன்னார்: அமெரிக்காக்காரனும் கீழே ட்ரில் பிடித்தவன்தான், ஆட்டத்தைப் பார்த்து மேலே எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டுக்கொண்டே கண்ணை மூடுவேன். பங்காருபேட்டையைத் தாண்டி ரயில் போய்க்கொண்டே இருக்கும். சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த எங்கள் சயனைட் மேட்டைப் போல அமெரிக்காவிலும் வெளுத்த மலைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கூடை. அமெரிக்காக்காரன் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மிதந்து போவான். பின்னாலேயே சித்தப்பாவும் மிதப்பார்.

அந்த வருஷம் சித்தப்பாவையும் டீமுக்குப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அம்மா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டாள்.

"அண்ணனும் தம்பியும் ரெண்டு பேருமே கீழ எறங்கினா, ஆபத்துச் சங்கு ஊதறப்பல்லாம் நான் யாருக்குன்னு பயப்படறது? நீயாவது மேல வந்துடு தம்பி."

"வந்துட்டேன்னு வெச்சிக்குங்க அண்ணி" என்று சிரித்தார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். லைனே திரண்டு வந்திருந்தது. "ஒட்டகச்சிவிங்கி! கைய நீட்டினா போதும்டா, எகிறக்கூட வேணாம்!" என்று யாரோ கத்தினார்கள். முதல் பாதியில் அவர் போட்டதெல்லாம் விழுந்தது. ஆள் எடுக்க வந்த ஃபோர்மேன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த பாதியில் பந்து அவர் கைக்கு வந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. எதிரே கூடை. எகிறுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மெல்லக் குனிந்தார். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி இருமினார். இருமிக்கொண்டே இருந்தார். பந்து தானாக உருண்டு போயிற்று. ஃபோர்மேன் கையைக் காட்டி வேறொருவனை உள்ளே அனுப்பினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ட்ரில் பிடிக்கிறவர்களின் நெஞ்சில் பாறைத் தூசி போய் உட்காரும் என்பது லைனில் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா படுத்துக்கொண்டார். நான் விடுவதாக இல்லை.

"இன்னிக்கி அவன் இன்னா பண்ணான்?"

தாளின் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ஆட்டத்த நிறுத்திட்டான்மா."

"ஏன்?"

"மூச்சு பத்தல அவனுக்கு."

"மேல வேல?"

"அது போச்சு. நாளைலேர்ந்து மறுபடியும் கீழதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவ்வளவு உயரத்துக்கு எகிறியவன் இப்படிச் செய்யலாமா? சித்தப்பா தோற்ற நாளிலா இவனும் நிறுத்த வேண்டும்? "சோம்பேறி!" என்று கத்திக்கொண்டு, அடுப்படியிலிருந்து கரித்துண்டை எடுத்துக் கட்டில்மேல் ஏறி, அவன் முகத்தில் தேய்த்தேன். மூக்கு, கண் எதுவும் தெரியாத வரைக்கும் தேய்த்தேன். சித்தப்பாவின் கட்சியில் நின்று சண்டை போடுவதாக எனக்குள் பெருமை.

அவர் எழுந்து என் கையைப் பிடித்தார். கோபமாகப் பிடிக்கவில்லை.

"அவன இன்னாத்துக்குமா அடிக்கிற? அவனும் ஆடணும்னுதான் பாத்தான்."

சுவரில் ஒரு கோடு கிழித்தாலே முதுகில் வைக்கிற அம்மா, அன்றைக்கு என்னை அடிக்க வரவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. எங்கேயோ இருக்கிற அமெரிக்காக்காரன் எங்கள் அம்மாவையும் அழ வைத்துவிட்டானே என்று, எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.