அறுபதை அடிச்சு முப்பது

சவுரிராயனை நல்ல மனுஷன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம்தான் வரும். நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. அதனாலதான் இவ்ளோ பேஜாரு.

விழுப்புரத்துல ஒரு பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு. அவரு பிசிக்ஸ் லேப் அட்டெண்டர். நான், கெங்கம்மாள், பக்கத்து கெமிஸ்ட்ரி லேப்புல அட்டெண்டர். தினமும் திண்டிவனத்துலருந்து பாசஞ்சர் வண்டியில வந்து எறங்குவாரு. வந்ததும் லென்ஸ் பொட்டியத் தொறந்து ஒவ்வொண்ணா தொடச்சிக்கினு உக்காந்துடுவாரு. நானும் கிண்டல் பண்ணுவேன், வீட்டுல பெத்த புள்ளைங்க மூஞ்சியை இப்படித் தொடச்சிருப்பீங்களான்னு.

அவரு படிச்சது எட்டாங்கிளாஸ்தான். ஆனா எனக்குப் புரியற மாதிரி சொன்னது அவரு ஒருத்தருதான். லென்ஸை ஜன்னலுக்கு நேரா புடிப்பாரு. வெளிய நிக்கற வேப்பமரம் எதிர் சொவத்துல கலரோட தலைகீழா வந்து விழும். "இது மெய்பிம்பம் கெங்கா. திரையில புடிக்கலாம்" ன்னாரு. அதே லென்ஸை என் உள்ளங்கைக்குக் கிட்ட வச்சாரு. ரேகையெல்லாம் பெருசா, நேரா தெரிஞ்சுது. "இது மாயபிம்பம். பாக்கறவங்க கண்ணுக்குத்தான். எந்தத் திரையிலயும் விழாது." மரம் தெளிவா விழற சொவத்துலருந்து லென்ஸ் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்தா அதான் குவியதூரம். ஒரு நிமிஷ வேலை.

பிராக்டிகல் பரீட்சை அன்னிக்கி ரெண்டு பேரும் ஒரு திருட்டு வேலை பண்ணுவோம். டெஸ்ட் டியூப் வைக்கற சாக்குல புள்ளைங்க கண்டுபுடிக்க வேண்டிய உப்பு பேரை நான் முணுமுணுப்பேன். ஸ்டாண்டை நகத்தற சாக்குல அவரு குவியதூரத்தைச் சொல்லுவாரு. பாவம், ஏழைப் புள்ளைங்க பாஸாகட்டும்னுதான். பதினோரு வருஷத்துல அவரு சொன்ன நம்பர் ஒண்ணுகூட தப்புனதில்ல.

எண்பத்திமூணாம் வருஷம் பரீட்சைக்கு மொத வாரம் ஒரு லென்ஸ் கை தவறி விழுந்து ஒடஞ்சுது. பழைய பீரோவுலருந்து வேற ஒண்ணை எடுத்து அதே டப்பாவுல வச்சாரு. டப்பா மேல ஒடஞ்ச லென்ஸோட குவியதூரம் பதினஞ்சுன்னு எழுதியிருந்துச்சு. அளந்து பாக்கணும்னு நெனச்சாராம். வெளியூர்லருந்து வந்த எக்ஸாமினருக்கு டிபன் வாங்கிக்கினு வர, காபி வாங்கிக்கினு வரன்னு காலையிலருந்து ஓட்டம். அளக்கல.

அந்த லென்ஸ் அம்சாவுக்கு வந்துச்சு. கண்டாச்சிபுரம் பக்கத்துலருந்து மொத பஸ்ஸுல வர்ற பொண்ணு. அவங்கம்மா முனியம்மாள் கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கறவ. பாஸானா காலேஜ், ஒரு பாடத்துல போனாலும் படிப்பு அவ்ளோதான்னு அப்பன்காரன் சொல்லிட்டான்.

நடுக்கதவு வழியா நான் பாத்துக்கினு இருந்தேன். வெளக்கு வெளிச்சம் பட்ட கம்பிவலையை லென்ஸுக்கு முப்பது சென்டிமீட்டர்ல வச்சு, திரையை மெதுவா நகத்தினா. அறுபதுல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா தெளிவா விழுந்துச்சு. அறுபதுன்னு எழுதினா. நம்ம ஆளு கிட்டப் போயி, "குவியதூரம் பதினஞ்சும்மா. முப்பதுல வச்சா முப்பதுலதான் விழும்" ன்னாரு. அவ திரையை முப்பதுக்குத் தள்ளினா. வெறும் வெளிச்சம்தான், கம்பியே காணோம். நிமிந்து அவரைப் பாத்தா. அவரு தலையாட்டினாரு. அறுபதை அடிச்சுட்டு முப்பதுன்னு எழுதினா. மிச்சத்தையும் அதுக்கேத்த மாதிரி போட்டுட்டா.

புள்ளைங்க போனப்புறம் எக்ஸாமினர் அந்தப் பேப்பரை ரெண்டு தரம் பாத்துட்டு, லென்ஸை வாங்கி ஜன்னலுக்கு நேரா புடிச்சாரு. அளந்தாரு. பதினஞ்சு இல்ல, இருபது. "அடிச்சதுதான் ரைட்டு. கண்ணால பாத்ததை அடிச்சுட்டு யாரோ சொன்னதை எழுதியிருக்கு. யாருய்யா சொன்னது?" ன்னு கேட்டாரு. சவுரிராயன் காபி டம்ளரை கையில வச்சுக்கினு நின்னாரு. நான்தான் சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடிச்ச கணக்குக்காவது மார்க் கெடச்சிருக்கும். வேலை போயிடும்னு பயம். அம்சாவுக்கு பிராக்டிகல் போச்சு, அதோட பிசிக்ஸும் போச்சு.

ரிசல்ட் வந்து மூணு வாரம் மனுஷன் சரியா சாப்புடல. அக்டோபர்ல மறுபடி எழுதலாமே, போயி உண்மையைச் சொல்லுங்கன்னு நான்தான் பஸ் ஏத்திவுட்டேன். போனாரு.

முனியம்மாள் மல்லாட்டை வேகவச்சுக் குடுத்து, எம்பொண்ணுக்கு ஒத்தாசை பண்ணீங்களேன்னு கையெடுத்துக் கும்பிட்டாளாம். அம்சா சொன்னாளாம், "நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்கண்ணா. எனக்குத்தான் அறுபதுல தெளிவா இருக்கற மாதிரி தெரிஞ்சுது. என் கண்ணுதான் சரியில்ல. மறுபடி எழுதினாலும் இப்படித்தான் தப்பாத் தெரியும். வேணாம்ணா." இவரு மல்லாட்டையை உரிச்சுத் தின்னுட்டு எழுந்து வந்துட்டாரு.

அதுக்கப்புறம் எந்தப் பொண்ணுக்கும் அவரு நம்பர் சொன்னதில்ல. போன வருஷம் ரிட்டயராகிப் போனாரு. அம்சாவுக்கு அந்தத் தை மாசமே கல்யாணம் ஆயிடுச்சு.

அன்னிக்கி அம்சா வீட்டுலருந்து அவரு வந்து சொன்னதும் வாயில வந்ததெல்லாம் திட்டினேன். நீயெல்லாம் ஒரு மனுஷனான்னுகூட கேட்டுட்டேன். அழுதாரு. அக்டோபர் பரீட்சைக்குப் பேர் குடுக்க இன்னும் பத்து நாள் இருந்துச்சு. கண்டாச்சிபுரம் பஸ் எங்க நிக்கும்னு எனக்கும் தெரியும். போயி சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க, என் உப்பு சமாச்சாரமும் வெளிய வரும். அந்தப் பத்து நாளும் நான் லேப்புல பாட்டில் கழுவிக்கினு இருந்தேன்.